புதுத் தொலைநோக்கியில் எதுவும் தெரியவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யுங்கள்

பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த தொலைநோக்கி இரண்டாவது வாரமே பரணில் ஏறிவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. "பழுதாகிவிட்டது, கொஞ்சம் பாருங்கள்" என்று என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவற்றில் உடைந்த பாகம் எதுவும் இருப்பதில்லை. மூடி முழுதாகக் கழற்றப்பட்டிருக்காது, பொருந்தாத ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் சிறு வில்லைத் துண்டு) மாட்டியிருக்கும், அல்லது ஃபைண்டர் (பொருளைக் குறிவைக்கக் குழாய்மேல் இருக்கும் சிறு குறிகாட்டி) வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும் கடைக்குப் போக வேண்டியதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போங்கள். எந்தப் படியில் சரியாகிறதோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். திருப்புளி எல்லாவற்றுக்கும் கடைசி.

முன்புறம் கண்ணாடி வில்லை இருந்தால் அது லென்ஸ் வகை. முன்புறம் திறந்திருந்து, அடியில் ஆடி இருந்து, பக்கவாட்டில் கண் வைத்துப் பார்ப்பதானால் ஆடி வகை. இந்த வேறுபாடு கீழே அடிக்கடி வரும். சூரியனைப் பற்றிய முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

## எல்லாவற்றுக்கும் முன்: சூரியன்

தொலைநோக்கி வழியாகச் சூரியனை ஒரு கணம் பார்த்தாலும் விழித்திரை வெந்துவிடலாம். விழித்திரைக்கு வலி தெரியாது. ஆகவே, கண் கூசாததால் ஆபத்தில்லை என்று யாரும் கணக்குப் போடக் கூடாது.

பெட்டியில் ஐபீஸில் திருகும் சிறிய கறுப்புக் கண்ணாடி வந்திருக்கிறதா? மலிவான பெட்டிகளில் "சூரிய வடிகட்டி" என்ற பெயரில் இது வரும். குழாய் திரட்டிய வெப்பம் முழுவதும் குவியும் இடத்தில் இந்தக் கண்ணாடி உட்கார்ந்திருக்கிறது. சூடேறி வெடித்தால் நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். பெட்டிக்குள் திருப்பி வைத்தால் என்றாவது ஒரு பிள்ளை எடுத்து மாட்டும்.

முன்வாயில் மாட்டும் வடிகட்டி இருக்கிறதா? தொலைநோக்கிக்கென்றே செய்யப்பட்ட சூரியத் தாள் என்றால் சரி. அது ஒளியை ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். ஒவ்வொரு முறையும் விளக்குக்கு எதிரே பிடித்து ஊசித்துளை, கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். துளை இருந்தால் தாள் போய்விட்டது என்று அர்த்தம். காற்றில் பறக்காதபடி டேப் போட்டு ஒட்டுங்கள். ஃபைண்டரின் மூடியைத் திறக்கவே வேண்டாம், முடிந்தால் ஃபைண்டரையே கழற்றி வையுங்கள். தரையில் விழும் குழாயின் நிழல் மிகச் சிறியதாகும் வரை திருப்பினால் குழாய் சூரியனுக்கு நேராக வந்துவிடும்.

கிரகணக் கண்ணாடி இருக்கிறதா? அது வெறும் கண்ணுக்கு மட்டும். அதை அணிந்துகொண்டு தொலைநோக்கிக்குள் பார்த்தால் குவிந்த ஒளி அதையும் பொசுக்கிக் கண்ணுக்கு வரும். எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, இரண்டு கூலிங் கிளாஸ், சி.டி. எதற்கும் இங்கே இடமில்லை. 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தன்று தமிழ்நாட்டின் மொட்டை மாடிகளில் இவை எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. 2027 ஆகஸ்ட் 2 அன்று பகுதி கிரகணம் வருகிறது. 2031 மே 21 அன்று கங்கண கிரகணம் தென் தமிழ்நாட்டையும் வட இலங்கையையும் கடக்கிறது. தாளை இப்போதே வாங்கி வையுங்கள், கடைசி வாரத்தில் நல்லது கிடைக்காது.

மூடி இல்லாத தொலைநோக்கியை வெயிலில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். சூரியன் மறைந்த பிறகே வெள்ளி, புதன் ஆகியவற்றைத் தேடத் தொடங்குங்கள். யாராவது தவறிப்போய்ப் பார்த்துவிட்டு, பார்வையின் நடுவில் கரும்புள்ளியோ மங்கலோ தெரிகிறது என்றால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காலைவரை பொறுத்துப் பார்க்க வேண்டாம்.

## அறிகுறி: ஐபீஸில் ஒரே இருட்டு

1. மூடி. முன்பக்கப் பெரிய மூடியின் நடுவில் இன்னொரு சிறிய மூடி இருக்கும். அதை மட்டும் கழற்றிவிட்டு "திறந்தாயிற்று" என்று நினைப்பவர்கள் நிறைய. பெரிய மூடியையே எடுங்கள். ஐபீஸின் அடிப்பக்க மூடியையும் பாருங்கள்; கறுப்பு நிறம் என்பதால் கண்ணில் படாது.

2. ஐபீஸ். 4 மி.மீ., 6 மி.மீ., பார்லோ லென்ஸ் (உருப்பெருக்கத்தைக் கூட்டும் துணை வில்லை) ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். பெட்டியில் எண் பெரிதாக உள்ள ஐபீஸை எடுங்கள்: 25 அல்லது 20. எண் பெரிதானால் உருப்பெருக்கம் குறையும், ஒளி கூடும், வானத்தின் பரப்பு விரியும். கடையில் இதைத் தலைகீழாகச் சொல்லி விற்கிறார்கள்.

3. டயகனல். லென்ஸ் வகையில் குழாய்க்கும் ஐபீஸுக்கும் நடுவில் வரும் வளைந்த துண்டு அது. சில மாதிரிகளில் பிடிப்புத் திருகு தளர்ந்தால் டயகனல் பக்கவாட்டில் சாய்ந்து ஒளியை வெட்டிவிடும். நேராக்கி இறுக்குங்கள்.

4. வானத்தில் அந்த இடத்தில் எதுவும் இல்லை. இதுதான் அதிகம். வானத்தின் பெரும்பகுதி வெறுமை. முதல் இரவில் நிலவைத் தவிர வேறெதையும் தேடாதீர்கள். நிலவு இல்லாத நாள் என்றால் பகல் முடிவதற்குள் ஃபைண்டரைச் சரிசெய்துவிடுங்கள் (அதற்கான பகுதி கீழே).

நான்கும் பார்த்த பிறகும் இருட்டு என்றால், பகல் வெளிச்சத்தில் சூரியனுக்கு எதிர்த் திசையில் குழாயைத் திருப்பி, ஐபீஸைக் கழற்றி, வெறும் துளை வழியே பாருங்கள். வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் குழாயில் குறையில்லை, ஐபீஸில்தான் குறை. வட்டம் தெரியாவிட்டால் ஆடி வகையில் குறுக்கே நிற்கும் சிறிய ஆடி பெயர்ந்திருக்கிறது அல்லது விழுந்திருக்கிறது. உத்தரவாதக் காலம் இருந்தால் தொடாமல் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

## அறிகுறி: வெளிச்சம் தெரிகிறது, உருவம் கூடவில்லை

ஃபோகஸ் குமிழை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாக, மிக மெதுவாகத் திருப்புங்கள். தெளிவான புள்ளி மிகக் குறுகியது. வேகமாகத் திருப்பினால் தாண்டிப் போய்விடும். நட்சத்திரம் பெரிய வட்டமாகத் தெரிந்தால் ஃபோகஸ் தள்ளியிருக்கிறது. எந்தப் பக்கம் திருப்பினால் வட்டம் சிறுக்கிறதோ அந்தப் பக்கமே போங்கள்.

குமிழ் வெளிப்பக்கக் கோடிக்கு வந்தும் வட்டம் சிறுத்துக்கொண்டே இருக்கிறதா? ஐபீஸை இறுக்கும் திருகைத் தளர்த்தி, ஐபீஸைக் கையால் ஒரு சென்டிமீட்டர் வெளியே இழுங்கள். தெளிவு கூடினால் நடுவில் ஒரு துண்டு குறைகிறது. லென்ஸ் வகையில் அது டயகனல். பெட்டியிலேயே கிடக்கும், நுரைக்குள் தேடுங்கள்.

உள்பக்கக் கோடிக்கு வந்தும் போதவில்லையா? தேவையில்லாத ஒன்று நடுவில் மாட்டியிருக்கிறது. ஆடி வகையில் யாரோ டயகனலைச் சேர்த்திருப்பார்கள், அல்லது பிம்பத்தை நிமிர்த்தும் நீண்ட குழாயைச் செருகியிருப்பார்கள். எடுத்துவிடுங்கள்.

பகலில் பக்கத்துத் தெருவைப் பார்க்கிறீர்களா? பக்கத்துப் பொருளுக்கு ஐபீஸ் மேலும் வெளியே வர வேண்டும். குமிழின் ஓட்டம் போதாமல் போகலாம். தொலைவில் உள்ளதைப் பார்த்தால் சரியாகிவிடும்.

குறைந்த உருப்பெருக்கத்தில் தெளிவு, உயர்ந்த உருப்பெருக்கத்தில் குழப்பமா? கணக்குப் போடுங்கள். குழாயில் ஒட்டியிருக்கும் குவியத் தொலைவை ஐபீஸின் எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும். 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத் தொலைவும் உள்ள வழக்கமான லென்ஸ் வகையில் 25 மி.மீ. ஐபீஸ் 28 மடங்கு, 10 மி.மீ. 70 மடங்கு, 4 மி.மீ. 175 மடங்கு. விட்டத்தை இரண்டால் பெருக்கினால் வருவதே அந்தக் குழாயின் உச்சவரம்பு, இங்கே 140. அதற்கு மேல் பிம்பம் பெரிதாகும், விவரம் கூடாது. பெட்டிமேல் 525 மடங்கு என்று அச்சிட்டிருப்பது 4 மி.மீ. ஐபீஸுடன் மூன்று மடங்கு பார்லோவைச் சேர்த்துப் போட்ட கணக்கு. கணக்கு சரிதான், வானத்தில் அது செல்லாது. இதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது, 4 மி.மீ. ஐபீஸையும் பார்லோவையும் மறந்துவிடுவதே மருந்து. காசு செலவழிக்க மனமிருந்தால் 9 அல்லது 6 மி.மீ. ப்ளாசல் வகை ஐபீஸ் ஒன்று வாங்குங்கள்.

வாங்குமுன் ஐபீஸ் நுழையும் துளையை அளந்துகொள்ளுங்கள். இப்போது வருபவை 31.7 மி.மீ.; பழைய, சிறிய மாதிரிகளில் 24.5 மி.மீ. இருக்கும். பெரியது சிறியதில் நுழையாது, அதை எந்தக் கடைக்காரரும் தானாகச் சொல்வதில்லை.

## அறிகுறி: ஃபைண்டரின் நடுவில் இருக்கிறது, ஐபீஸில் இல்லை

ஃபைண்டரும் குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. இரவில் இதைச் சரிசெய்ய முயல்வது வீண் வேலை. மாலை வெளிச்சம் இருக்கும்போது, சூரியனுக்கு எதிர்ப்புறம், குறைந்தது அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நகராத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: செல்போன் கோபுரத்தின் உச்சி, கோயில் கோபுரக் கலசம், மேல்நிலை நீர்த்தொட்டியின் விளிம்பு. தென்னை மட்டை வேண்டாம், ஆடும்.

பெரிய எண் ஐபீஸில் அதை நடுவில் கொண்டுவந்து, குழாயைத் தாங்கித் திருப்பும் பாகமான மவுண்டைப் பூட்டுங்கள். இப்போது குழாயைத் தொடாமல் ஃபைண்டரின் திருகுகளை மட்டும் திருகி அதே உச்சியைக் குறுக்குக் கோட்டுக்கோ சிவப்புப் புள்ளிக்கோ கொண்டுவாருங்கள். மூன்று திருகு உள்ள ஃபைண்டரில் ஒன்றைத் தளர்த்திய பிறகே எதிரில் உள்ளதை இறுக்க வேண்டும். பிறகு 10 மி.மீ. ஐபீஸை மாட்டி மீண்டும் ஒரு சுற்று. இரவில் நிலவையோ பிரகாசமான ஒரு நட்சத்திரத்தையோ வைத்துச் சரிபாருங்கள். குழாயைத் தூக்கி இறக்கும் ஒவ்வொரு முறையும் இது கொஞ்சம் நகரும், அதற்கு வருத்தப்பட வேண்டாம்.

சிவப்புப் புள்ளியே தெரியவில்லையா? புதியது என்றால் பேட்டரிக்கு மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பட்டை ஒன்று செருகியிருக்கும், உருவுங்கள். பழையது என்றால் அணைக்க மறந்து பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலானவற்றில் நாணய வடிவ 2032 பேட்டரிதான், கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும்.

ஃபைண்டரின் தாங்கியே ஆடுகிறதா? தாங்கிக்கும் குழாய்க்கும் நடுவில் மடித்த அட்டைத்துண்டு போதும். பெட்டியோடு வரும் சிறிய பிளாஸ்டிக் ஃபைண்டர் சில நேரம் எதற்கும் ஒத்துவராது. அப்படியானால் சிவப்புப் புள்ளி வகை ஒன்றுக்குச் செலவழிப்பது நியாயமான செலவு. புதிதாய் வாங்குபவர்கள் முதலில் மாற்ற வேண்டிய பாகம் இதுதான் என்பது என் கருத்து.

## அறிகுறி: தெரிகிறது, ஆனால் மங்கல் அல்லது நெளிகிறது

இங்கே முதலில் ஒரு கேள்வி: உருவம் அசைந்து அசைந்து மங்குகிறதா, அசையாமலே மங்கலாக இருக்கிறதா?

### அசைந்து மங்குகிறது

நிலவின் விளிம்பு ஓடைநீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல்லைப் போல நெளிந்தால் குற்றவாளி காற்று. தொலைநோக்கியைத் திருகிப் பயனில்லை.

ஜன்னல் வழியாகப் பார்க்கிறீர்களா? வெளியே வாருங்கள். மூடிய ஜன்னலின் கண்ணாடி உருவத்தைக் குலைக்கும். திறந்த ஜன்னலில் அறைக்காற்றும் வெளிக்காற்றும் கலந்து குலைக்கும்.

மொட்டை மாடியா? பகல் முழுதும் வெயிலைக் குடித்த கான்கிரீட், இரவு ஏழு மணிக்கு அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு முன் கோள்களைப் பார்க்க முயல வேண்டாம். தோட்டமோ மண் தரையோ இருந்தால் அங்கே இறங்குங்கள். ஏ.சி.யின் வெளிப்பெட்டிக்கு மேலாகவும் சமையலறைப் புகைபோக்கிக்கு மேலாகவும் பார்க்காதீர்கள்.

பார்க்கும் பொருள் தொடுவானத்தை ஒட்டி இருக்கிறதா? காத்திருங்கள். நம் ஊர் அட்சரேகையில் கோள்கள் நன்கு உயரே ஏறும். வட நாடுகளில் உள்ளவர்களுக்கு வாய்க்காத வசதி அது. வியாழன் மிதுனத்தில் இருக்கும் காலத்தில் சென்னையில் ஏறக்குறைய தலைக்கு மேலேயே வந்துவிடுகிறது.

அன்றைக்கு நட்சத்திரங்கள் எல்லாம் பளிச் பளிச்சென்று அளவுக்கு மீறி மின்னுகின்றன என்றால் கோள்களை விட்டுவிட்டு, குறைந்த உருப்பெருக்கத்தில் கார்த்திகைக் கூட்டத்தைப் பாருங்கள்.

### அசையாமல் மங்கலாக இருக்கிறது

வெளியே எடுத்ததும் திடீரென மங்கியதா? ஏ.சி. அறையிலிருந்து கடற்கரை ஊரின் ஈரக்காற்றுக்கு வந்த கண்ணாடி உடனே வியர்க்கும். துடைக்காதீர்கள். மூடிகள் எல்லாவற்றையும் போட்டு அரைமணி நேரம் வெளியே வையுங்கள், பிறகு திறங்கள். ஆடி வகையில் 6 அங்குலம், 8 அங்குலம் என்றால் இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும்.

நன்றாகத் தெரிந்துகொண்டிருந்து ஒரு மணி நேரத்தில் மங்கியதா? பனி. மார்கழியில் லென்ஸ் வகையின் முன்வில்லையில் இது கட்டாயம் நடக்கும். கறுப்பு சார்ட் அட்டையைச் சுருட்டி, குழாயின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீளத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி மாட்டுங்கள். ஏற்கெனவே படிந்துவிட்டால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், கொஞ்சம் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள்.

எப்போதும் ஒரே மங்கலா? ஐபீஸைப் பாருங்கள். பிள்ளைகளின் விரல்ரேகை, கண்ணிமையின் எண்ணெய். முதலில் ஊதுகுழலால் தூசியை ஊதிவிட்டு, லென்ஸ் துடைக்கும் திரவத்தைத் துணியில் நனைத்து (கண்ணாடியில் நேராக ஊற்றாமல்) மெல்ல ஒற்றி எடுங்கள். சட்டை முனை கூடாது.

நட்சத்திரம் புள்ளியாகாமல் கோடாக நீள்கிறதா? அழகான ஒரு சோதனை இருக்கிறது. கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். கோடும் கூடவே சாய்ந்தால் குறை உங்கள் கண்ணில். உருளைப் பிழைக்குக் கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடே பார்க்க வேண்டும். சாயவில்லை என்றால் ஐபீஸை அதன் இடத்திலேயே சுழற்றுங்கள். கோடும் சுழன்றால் ஐபீஸில் குறை. இரண்டுக்கும் அசையவில்லை என்றால் குழாயில். லென்ஸ் வகையானால் வில்லையைப் பிடித்திருக்கும் வளையம் அதிகம் இறுகியிருக்கலாம். அதைத் திறப்பது தெரிந்தவர் வேலை. ஆடி வகையானால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி (ஆடி வகை மட்டும்): நட்சத்திரத்துக்கு ஒரு பக்கம் வால் முளைக்கிறது

ஆடிகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. இதை நேராக்குவதற்குக் கொலிமேஷன் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்படுபவர்கள் அதிகம், வேலையோ பத்து நிமிடம்.

முதலில் தேவையா என்று பாருங்கள். உயரே இருக்கும் நட்சத்திரம் ஒன்றை 70, 80 மடங்கில் நடுவில் வைத்து ஃபோகஸை லேசாகத் தள்ளுங்கள். வட்டமும் அதன் நடுவில் கறுப்பு நிழலும் வரும். நிழல் நடுவிலேயே இருந்தால் எதையும் தொடாதீர்கள். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் மட்டும் தொடருங்கள்.

பகலில், குழாயைக் கிடைமட்டமாக வைத்து (கையிலிருந்து நழுவும் திருப்புளி ஆடிமேல் விழாமல் இருக்க), ஐபீஸ் துளையின் பிளாஸ்டிக் மூடிக்குச் சரியாக நடுவில் ஒரு சிறு ஓட்டை போட்டு மாட்டுங்கள். அதன் வழியே பாருங்கள்.

- சிறிய ஆடியில் அடி ஆடி முழு வட்டமாகவும், அதைப் பிடித்திருக்கும் மூன்று கொக்கிகளும் தெரிகின்றனவா? தெரிந்தால் சிறிய ஆடியைத் தொடாதீர்கள். தெரியாவிட்டால் அதன் பின்னால் உள்ள மூன்று சிறு திருகுகளை, ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கி, கால் சுற்றுக்கு மேல் போகாமல் சரிசெய்யுங்கள். நடுவில் இருக்கும் பெரிய திருகைக் கழற்றினால் ஆடியே கையோடு வந்துவிடும்.
- அடுத்து, குழாயின் அடியில் ஆறு திருகுகள் இருக்கும். மூன்று பூட்டு, மூன்று சரிசெய்பவை. பூட்டுகளைத் தளர்த்தி, ஓட்டையின் பிரதிபலிப்பு அடி ஆடியின் மையப் பொட்டுக்குள் வரும்வரை மற்ற மூன்றைத் திருப்புங்கள். ஒருவர் ஓட்டையில் பார்க்க, இன்னொருவர் திருகினால் விரைவில் முடியும்.
- பூட்டுகளை மெல்ல இறுக்கி, இரவில் மீண்டும் நட்சத்திரத்தில் பாருங்கள்.

குழாய் அரை மீட்டர்தான் இருக்கிறது, ஆனால் குவியத் தொலைவு 1000 மி.மீ. என்று ஒட்டியிருக்கிறதா? ஃபோகஸ் குழாய்க்குள் இன்னொரு வில்லை ஒளிந்திருக்கிறது. மேலே சொன்ன முறை இதற்குச் சரிவராது. வாங்கிச் சில நாள்தான் ஆகிறது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருகிக்கொண்டிருப்பதைவிட அது மேல். மையப் பொட்டே இல்லாத ஆடி, திருகு மழுங்கிப்போன தாங்கி ஆகியவற்றுக்கும் தெரிந்தவர் கை தேவை.

## அறிகுறி: தொட்டால் ஆடுகிறது

குழாயை விரலால் லேசாகத் தட்டி எண்ணுங்கள். இரண்டு மூன்று நொடிகளில் அடங்கினால் சரி. ஐந்து நொடிக்கு மேல் போனால் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

கால்களை முழுதாகச் சுருக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்; பாதி ஆட்டம் இதிலேயே போகும். கால்களுக்கு நடுவில் வரும் தட்டை மறக்காமல் மாட்டுங்கள், அது ஐபீஸ் வைக்க மட்டும் உள்ளதல்ல, கால்களை விறைப்பாகப் பிடிப்பதும் அதுதான். மவுண்டுக்கும் காலுக்கும் இடையிலுள்ள போல்டுகளை இறுக்குங்கள். தட்டின் நடுவிலிருந்து இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். தரையைத் தொடாமலும் ஊசலாடாமலும் இருக்கட்டும். பார்க்கும்போது முக்காலியைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் பிள்ளைகளுக்கு உண்டு. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கப் பழக்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆடினால் முக்காலியே பலவீனம். மரத்தாலான உறுதியான முக்காலி ஒன்றைத் தச்சரிடம் செய்து வாங்கலாம். இல்லையென்றால் அடுத்த தொலைநோக்கியை டாப்சோனியன் வகையாக வாங்குங்கள். அதற்குக் காலே கிடையாது, தரையில் உட்காரும் மரப்பெட்டிதான்.

## அறிகுறி: பொருள் நழுவி ஓடிவிடுகிறது

பூமி சுழல்கிறது, நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. நிலவு தன் அகலத்தைத் தானே கடக்க இரண்டு நிமிடம். 70 மடங்கில் வியாழன் மூன்று நிமிடத்துக்குள் வெளியேறிவிடும். ஆகவே மெதுவாக ஒரே சீராக ஓடினால் பழுதில்லை. விளிம்பில் வைத்து நடுவைக் கடக்க விடுங்கள், பிறகு மீண்டும் நகர்த்துங்கள்.

கையை எடுத்ததும் கீழே சரிகிறதா? எடை சமநிலையில் இல்லை. குழாயைப் பிடித்திருக்கும் வளையங்களைத் தளர்த்தி முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். பிறகே பூட்டுத் திருகை இறுக்குங்கள்.

எதிர்எடை தொங்கும் சாய்வான மவுண்டா? நம் ஊரில் இது தனித் தொல்லை. அதன் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும். அச்சின் உயரம் உங்கள் ஊர் அட்சரேகை. நாகர்கோவிலில் 8 பாகை, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் ஏறக்குறைய 10, கோவையில் 11, சென்னையில் 13. கையேட்டுப் படத்தில் 40, 50 பாகையில் கம்பீரமாக நிற்கும் மவுண்ட் இங்கே ஏறக்குறைய படுத்துவிடும். எதிர்எடை வடக்குப் பக்கக் காலில் இடிக்கும். எடையைத் தண்டில் மேலே ஏற்றிப் பாருங்கள். போதாவிட்டால் இரண்டு கால்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி வடக்கே வரும்படி முக்காலியைத் திருப்புங்கள், கவிழ்கிறதா என்று பிடித்துக்கொண்டே சோதியுங்கள். அளவுகோல் 15 பாகைக்குக் கீழே இறங்க மறுத்தால் வடக்குக் காலைச் சற்றுச் சுருக்கி மொத்தத்தையும் சாய்க்கலாம்.

துருவ நட்சத்திரம் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்திருக்கும், அதைத் தேடி அலைய வேண்டாம். திசைகாட்டியே போதும், தமிழ்நாட்டில் அது காட்டும் வடக்கு ஓரிரு பாகைதான் பிசகும். கண்ணால் பார்ப்பதற்கு ஐந்து பாகைப் பிழை ஒரு பொருட்டே அல்ல. படம் எடுப்பவர்களுக்குத்தான் அந்தக் கவலை.

## பழுது போலத் தெரியும், பழுதல்ல

*தலைகீழாகத் தெரிகிறது.* ஆடி வகையில் அப்படித்தான். டயகனல் போட்ட லென்ஸ் வகையில் இடவலம் மாறும். வானத்தில் மேலேது கீழேது?

*நிலவைச் சுற்றி ஊதா விளிம்பு.* விலை குறைந்த லென்ஸ் வகையின் இயல்பு. முன்மூடியைப் போட்டுச் சிறிய மூடியை மட்டும் திறந்தால் குறையும். சிறிய மூடி அதற்கும் பயன்படும்.

*சனிக்கு வளையம் ஊசி போல இருக்கிறது.* 2025 மார்ச் 23 அன்று வளையத்தின் விளிம்பு நமக்கு நேராக வந்தது. அதிலிருந்து ஆண்டுக்கு ஆண்டு விரிந்துகொண்டு போகிறது, 2032 வாக்கில் நன்றாக விரிந்திருக்கும்.

*நெபுலாவில் (விண்வெளி வாயு மேகத்தில்) நிறமே இல்லை.* மங்கலான ஒளியில் கண்ணுக்கு நிறம் தெரியாது. பெட்டிமேல் உள்ள வண்ணப்படம் பெரிய கருவிகளில் நீண்ட நேரம் ஒளி சேர்த்து எடுத்தது. ஓரியன் நெபுலா உங்களுக்குச் சாம்பல் நிறப் புகையாகத் தெரியும். நேராக உற்றுப் பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பார்வையை வைத்தால் புகை விரியும். தெருவிளக்குகளுக்கு நடுவில் அண்டங்களைத் தேடுவது வீண். ஜவ்வாது மலையில் காவலூரில் வானியல் ஆய்வகம் அமைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

*நூல் நூலாக மிதக்கிறது.* அதிக உருப்பெருக்கத்தில் ஐபீஸிலிருந்து வரும் ஒளிக்கற்றை அரை மி.மீ.க்கும் குறுகலாகி, உங்கள் கண்ணுக்குள் மிதக்கும் துணுக்குகளின் நிழலையே காட்டும். ஐபீஸை மாற்றினால் மறையும். தொலைநோக்கி இல்லாமலே திடீரென அவை பெருகினாலோ மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ கண் மருத்துவரிடம் உடனே போக வேண்டும்.

## அறிகுறி: உள்ளே தூசி, புள்ளி, சிலந்தி வலை

இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் எந்தத் தொலைநோக்கியும் பாழடைந்ததாகத்தான் தெரியும். அடி ஆடியில் கொஞ்சம் தூசி இருந்தால் பிம்பத்தில் ஒன்றும் தெரியாது. அப்படியே விடுங்கள். அடிக்கடி துடைப்பதால் கெடும் ஆடிகள் தூசியால் கெடுபவற்றைவிட அதிகம்.

படலமாகப் படிந்துவிட்டால் ஆடியைத் தாங்கியோடு கழற்றி, குழாய் நீரில் தூசியைக் கழுவி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த நீரில் ஊறவைத்து, புதுப் பஞ்சின் எடையே போதுமென்று இழுத்து, கடைசியில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிச் சாய்த்து உலரவிடுங்கள். கழற்றுமுன் ஆடி எந்தப் பக்கம் இருந்தது என்று குழாயிலும் தாங்கியிலும் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு கொலிமேஷன் செய்ய வேண்டும்.

வெண்ணிற நூல்கள் கிளைத்துப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில் பரணில் மூடிவைத்த லென்ஸ்களுக்கு வரும். ஐபீஸின் வெளிப்பக்கம் என்றால் நீங்களே துடைக்கலாம். முன்வில்லைகளுக்கு நடுவில் என்றால் திறக்காதீர்கள். இரண்டு வில்லைகளும் குறிப்பிட்ட திசையில், குறிப்பிட்ட இடைவெளியில் இருக்கின்றன, மாற்றி மாட்டினால் தொலைநோக்கி முடிந்தது. கேமரா லென்ஸ், நுண்ணோக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். வராமல் தடுக்க, ஈரம் போக உலர்ந்த பிறகே மூடி போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள். பொட்டலத்தின் நிறம் மாறினால் மாற்றுங்கள்.

பழுதுபார்க்கக் கொடுக்குமுன் விலையைக் கேளுங்கள். 60, 70 மி.மீ. லென்ஸ் வகைக்குச் செலவு பாதி விலையைத் தாண்டினால் அதே பணத்தில் புதிய குழாய் வாங்குவது மேல். ஆடி தேய்ந்து பூச்சு உரிந்த 6 அங்குலம், 8 அங்குலம் ஆடி வகைக்கு மறுபூச்சு போடுவது பயனுள்ள செலவு. கொடுக்கும்போது குழாயோடு ஐபீஸ், டயகனல், பார்லோ எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த ஐபீஸில் எந்தப் பொருளைப் பார்த்தபோது என்ன தெரிந்தது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள்.